குடியை நிறுத்தியாச்சு, அடுத்து எங்கே போவது? பூம்புகார் பக்கம் ஏ.ஏ. கூட்டம் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம் முடிந்து டிஸ்சார்ஜ். கை நடுக்கம் நின்றிருக்கிறது. தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது. மயிலாடுதுறையில் பஸ் ஏறினால் செம்பனார்கோவில், மேலையூர் தாண்டி பூம்புகார். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் இரண்டு வரி இருக்கிறது: மாத்திரையைத் தவறாமல் சாப்பிடவும். ஏ.ஏ. கூட்டத்துக்குச் செல்லவும்.

மாத்திரை கையில் இருக்கிறது. கூட்டம் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைப் போனில் தேடுபவர் குடித்தவராகவே இருக்க வேண்டியதில்லை. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கும் அப்பாவுக்காகவோ அண்ணனுக்காகவோ தேடும் மகனாக, தங்கையாக இருக்கலாம். ‘சனிக்கிழமை மட்டும்தான்’ என்று ஆரம்பித்து, இப்போது திங்கட்கிழமை காலையிலும் அதையே நினைத்துக்கொண்டு எழுந்திருக்கும் இளைஞராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், பெரிய நகரத்தில் இல்லாத ஒருவர் இந்தக் கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, உள்ளே போனால் என்ன நடக்கும், பக்கத்தில் கூட்டமே இல்லையென்றால் என்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

ஏ.ஏ. என்றால் என்ன?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம். ‘பெயர் சொல்லாத குடிநோயாளிகள்’ என்று பொருள் சொல்லலாம். குடியை நிறுத்த விரும்புகிறவர்களும் நிறுத்தியவர்களும் வாரத்தில் ஓரிரு நாள் ஓர் இடத்தில் கூடி, தங்கள் அனுபவத்தைப் பேசிக்கொள்வார்கள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி கிடையாது. மறுவாழ்வு மையம் கிடையாது. மருந்து கொடுக்க மாட்டார்கள். உறுப்பினர் கட்டணம் கிடையாது. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை.

இது தொடங்கிய கதையைத் தெரிந்துகொண்டால், கூட்டம் தேடும் வழியும் பாதி புரிந்துவிடும். 1935 மே மாதம். நியூயார்க்கில் பங்குச் சந்தை வேலை பார்த்த பில் வில்சன், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆன நிலையில், தொழில் விஷயமாக ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்துக்குப் போகிறார். போன காரியம் கெட்டுப்போகிறது. தெரியாத ஊர், தனிமை. தங்கியிருந்த ஹோட்டல் வரவேற்பறையின் ஒரு பக்கத்தில் மதுக்கூடம் திறந்திருக்கிறது. இன்னொரு பக்கத்தில் தொலைபேசியும், ஊரில் உள்ள தேவாலயங்களின் பட்டியலும் இருக்கின்றன. அவர் போனை எடுத்தார். ‘இந்த ஊரில் என்னைப் போல ஒரு குடிகாரர் இருந்தால் அறிமுகப்படுத்துங்கள், அவரோடு பேச வேண்டும்’ என்று கேட்டார்.

அப்படி அறிமுகமானவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். கால் மணி நேரம்தான் பேசுவேன் என்று வந்தவர், பல மணி நேரம் உட்கார்ந்து பேசினார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தனது பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. இந்தியாவுக்கு இந்த அமைப்பு 1957-ல் வந்தது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம், பில் அன்று போன் செய்தது யாருக்கோ உபகாரம் செய்ய அல்ல. தான் குடிக்காமல் இருப்பதற்காக. ‘நாம போனா அவங்களுக்குத் தொந்தரவா இருக்குமோ’ என்று தயங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். புதிதாக ஒருவர் வருவது, ஏற்கெனவே அங்கே இருப்பவருக்கும் மருந்துதான்.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டர்

தேடுவதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. பல வருடமாகத் தினமும் குடிப்பவர், ‘நாளையிலிருந்து ஒரு சொட்டு கிடையாது’ என்று வீட்டிலேயே திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்து, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காதில் குரல் கேட்பது, இடம் நேரம் தெரியாமல் குழம்புவது என்று ஆகலாம். பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போகும் குடும்பங்கள் உண்டு. அது பேய் இல்லை. மது நின்றதால் மூளையில் ஏற்படும் கொந்தளிப்பு. சிகிச்சை தராவிட்டால் உயிருக்கே ஆபத்து.

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்றால், அவருக்கு முதலில் தேவை டாக்டர். முன்பு வலிப்பு வந்தவர் என்றால் கட்டாயம் ஆஸ்பத்திரிதான். மயிலாடுதுறை அரசு பெரியார் மருத்துவமனைக்கோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகலாம். மனநலப் பிரிவில் கேளுங்கள். நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரையும், தயமின் என்ற வைட்டமின் பி1-ம் கொடுத்துச் சில நாட்களில் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள்.

இன்னொன்று: சாம்பாரில், காபியில் தெரியாமல் கலந்து கொடுக்கும் ‘குடியை மறக்கடிக்கும் மருந்து’ வேண்டவே வேண்டாம். டைசல்ஃபிரம் என்ற மாத்திரையைச் சாப்பிட்டிருக்கும்போது மது குடித்தால், முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். அந்த மாத்திரையைச் சாப்பிடுபவருக்குத் தெரிந்து, டாக்டர் மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

சரி, கூட்டத்தை எப்படித் தேடுவது?

கூகுளில் ‘ஏ.ஏ. மீட்டிங் நியர் மீ’ என்று போட்டுப் பார்த்தால், பணம் கட்டித் தங்கும் தனியார் மையங்களின் விளம்பரம்தான் முதலில் வரும். அதைத் தாண்டி இந்த வரிசையில் முயன்று பாருங்கள்.

1. ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பை பைகுல்லாவில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் உதவி எண்ணும், ஊர் வாரியாகக் கூட்டங்களின் விவரமும் இருக்கும். தமிழ் பேசும் உறுப்பினரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள்.

2. பூம்புகார் என்று மட்டும் தேடாதீர்கள். சீர்காழி, மயிலாடுதுறை, சிதம்பரம், கும்பகோணம், நாகப்பட்டினம், காரைக்கால், தஞ்சாவூர் என்று வட்டத்தைப் பெரிதாக்குங்கள். காரைக்கால் புதுச்சேரியில் சேர்ந்தது என்பதால் தமிழ்நாட்டுப் பட்டியலில் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

3. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் இருக்கும் ஆலோசகர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும், எந்த ஊரில் எந்தக் குழு உயிரோடு நடக்கிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். தமிழக அரசு 2025-ல் 25 இடங்களில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. அவற்றில் பக்கத்தில் இருப்பது எது என்றும் கேட்டுக்கொள்ளலாம்.

4. கட்டணமில்லாத எண்கள்: மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. டெலி மானஸ் மனநல ஆலோசனை எண் 14416. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104.

5. ஊரில் உள்ள சர்ச்சில் கேளுங்கள். இது மத விஷயம் அல்ல. வாடகை குறைவு, சாயங்காலத்தில் அறை காலியாக இருக்கும் என்பதால் சர்ச் வளாகத்திலும் பள்ளிக்கூட வகுப்பறையிலும் குழுக்கள் கூடுவது வழக்கம். அங்கே கூடும் குழுவுக்கும் அந்த நிறுவனத்துக்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

ஒரு விவரம் கிடைத்ததும் நேராகக் கிளம்பிவிடாதீர்கள். கூட்டத்தின் நாளும் இடமும் மாறும். போன் பண்ணி நான்கு கேள்வி கேளுங்கள்: இந்த வாரம் கூட்டம் இருக்கிறதா? எத்தனை மணிக்கு முடியும்? தமிழில்தானே நடக்கிறது? நான் முதல் தடவையாக வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் யாராவது என்னைச் சந்திக்க முடியுமா?

முகவரி போதாது, ஆள் வேண்டும்

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஏன் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1981-ல் வெளியான அந்தச் சிறிய ஆய்வில், சிகிச்சைக்கு வந்த 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரிடம் ஏ.ஏ. பற்றிச் சொல்லி, கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் கொடுத்து, ‘கட்டாயம் போங்க’ என்றார்கள். இன்னொரு பகுதியினருக்கு, ஆலோசகர் தன் அறையிலிருந்தே ஓர் ஏ.ஏ. உறுப்பினருக்குப் போன் போட்டுப் பேச வைத்தார். அந்த உறுப்பினர், தானே உடன் வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார்.

உடன் ஆள் கிடைத்தவர்கள் அத்தனை பேரும் ஒரு வாரத்துக்குள் கூட்டத்துக்குப் போனார்கள். வெறும் தகவல் கிடைத்தவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை.

சின்ன ஆய்வுதான். ஆனால் நம் ஊருக்கு இது அப்படியே பொருந்தும். முகவரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறு மணிக்குத் தனியாகப் பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு, கூட்டம் நடக்கும் தெருவைவிடக் கடை இருக்கும் தெரு நன்றாகத் தெரியும். அதனால் டாக்டரிடம் ‘எங்கே கூட்டம்?’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ‘உங்களிடம் சிகிச்சை எடுத்து, இப்போது குடிக்காமல் இருப்பவர் யாராவது, அவர் சம்மதித்தால், என்னோடு பேச முடியுமா?’ என்று கேளுங்கள். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ அப்பாவுக்கு லொகேஷன் அனுப்பினால் மட்டும் போதாது. ஒரு சனிக்கிழமை லீவு போட்டு வந்து, முதல் கூட்டத்துக்கு வாசல் வரை கூடவே போங்கள்.

உள்ளே என்ன நடக்கும்?

பெரும்பாலும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் படிகளும் வாசகங்களும் எழுதிய அட்டைகள், ஓரமாக டீ. நான்கு பேரும் இருக்கலாம், நாற்பது பேரும் இருக்கலாம். அன்றைக்கு நடத்துபவர் ஏ.ஏ. என்றால் என்ன என்பதைப் படிப்பார். சிறிது நேரம் மௌனம். ஒரு சின்ன பிரார்த்தனை. பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள்: ‘என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி.’ மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள்.

ஒருவர் பேசும்போது இடையில் குறுக்கிட மாட்டார்கள். முடிந்ததும் ‘நீ அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது’ என்று யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். குடித்தபோது என்ன நடந்தது, எப்படி நிறுத்தினேன், இன்றைக்கு எப்படி இருக்கிறேன் என்று தன் கதையை மட்டுமே சொல்வார்கள். நீங்கள் பேச விரும்பவில்லை என்றால், ‘இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீ செலவுக்கும் உறுப்பினர்கள் போடும் பணம் அது. புதியவர் போட வேண்டிய அவசியம் இல்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏ.ஏ.வின் மரபு. ஏ.ஏ. பெயரைச் சொல்லி உங்களிடம் யாராவது கட்டணம் கேட்டால், அது ஏ.ஏ. கிடையாது.

கூட்டங்களில் இரண்டு வகை. திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினர், மாணவர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். அப்பாவோடு நீங்களும் உள்ளே உட்கார வேண்டும் என்றால், திறந்த கூட்டமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சில வாரம் போன பிறகு ‘ஸ்பான்சர்’ என்ற வார்த்தை காதில் விழும். பணம் கொடுப்பவர் அல்ல. உங்களுக்கு முன்னால் இந்தப் பாதையில் நடந்தவர். ராத்திரி பதினோரு மணிக்குக் குடிக்கத் தோன்றினால் நீங்கள் போன் போடக்கூடிய மூத்தவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் ஸ்பான்சராக இருப்பது வழக்கம்.

‘ஊர்ல தெரிஞ்சா மானம் போயிடும்’

இதுதான் பெரும்பாலானவர்களைத் தடுக்கும் பயம். பூம்புகார் மாதிரி ஊரில் யார் எந்தப் பஸ்ஸில் இறங்கினார்கள் என்பதுகூடச் செய்திதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடை வாசலில் நின்றதை ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ரோட்டோரம் விழுந்து கிடந்ததையும் பார்த்திருக்கலாம். ரகசியமாக இருப்பது குடி அல்ல, நிறுத்த வேண்டும் என்ற ஆசைதான்.

அப்படியும் தயக்கம் இருந்தால், பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். சீர்காழிக்காரர் சிதம்பரம் போவதும், மயிலாடுதுறைக்காரர் கும்பகோணம் போவதும் தப்பில்லை. ஏ.ஏ.வில் முழுப்பெயர், சாதி, வேலை, முகவரி எதையும் கேட்க மாட்டார்கள். அங்கே பார்த்தவரை, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அடிப்படைப் பழக்கம். ஏ.ஏ. என்ற பெயரிலேயே அந்த உறுதி இருக்கிறது. அதே நேரம், இது சட்டம் அல்ல, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்கு. வழக்கு, வேலை தொடர்பான நுணுக்கமான விஷயங்களைக் கூட்டத்தில் கொட்ட வேண்டியதில்லை. அவற்றை ஸ்பான்சரிடமோ டாக்டரிடமோ தனியாகப் பேசலாம். டாக்டர் ரகசியம் காக்க வேண்டும் என்பதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உறுதி செய்கிறது. மது, போதைப் பழக்கம் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளும் அந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

சாமி கும்பிடணுமா?

ஏ.ஏ.வின் 12 படிகளில் ‘நம்மைவிடப் பெரிய சக்தி’, ‘நாம் புரிந்துகொண்ட வகையில் கடவுள்’ என்றெல்லாம் வரும். கடவுள் நம்பிக்கை இல்லாத இளைஞர்கள் பலர் இங்கேதான் பின்வாங்குகிறார்கள். எந்த மதத்தையும் ஏ.ஏ. சார்ந்ததில்லை. அந்தப் பெரிய சக்தி என்பது திருவெண்காட்டு ஈசனாகவும் இருக்கலாம், வேளாங்கண்ணி மாதாவாகவும் இருக்கலாம், அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரின் சேர்ந்த பலமாகவும் இருக்கலாம். பிரார்த்தனை நேரத்தில் சும்மா இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால், இன்னொரு குழுவைப் பார்க்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு வாசனை உண்டு.

பெண்களுக்கு இன்னொரு தயக்கமும் இருக்கும். குடிக்கும் பெண் என்று தெரிந்தாலே ஊர் வேறு மாதிரி பேசும். சிறிய ஊர்க் கூட்டங்களில் ஆண்கள்தான் அதிகம். பெண்களுக்கு மட்டுமான ஆன்லைன் கூட்டங்களைப் பற்றி உதவி எண்ணில் கேளுங்கள். கேமராவை அணைத்துவிட்டு, பெயரை மாற்றிக்கொண்டு கேட்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன?

குடிப்பவர் இன்னும் தயாராக இல்லை, ஆனால் வீடே சிதைந்துகொண்டிருக்கிறது என்றால் அந்த வீட்டுக்காரர்களுக்கு அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் ஆரம்பித்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்ற பிரிவும் உண்டு. குடிப்பவரை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். அவருடைய குடிக்கு நீங்கள் காரணம் இல்லை என்பதையும், அவருக்காக ஆபீஸில் பொய் சொல்வது, கடனை அடைப்பது போன்றவற்றை எப்படி நிறுத்துவது என்பதையும் அங்கே கற்றுக்கொள்ளலாம். வீட்டில் அடி உதை இருக்கிறது என்றால், கூட்டத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

உண்மையிலேயே பலன் இருக்கிறதா?

இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரன் அமைப்பு, 2020-ல் 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தது. நோயாளியை ஏ.ஏ.வோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது தெரிந்தது. இங்கேயும் ‘இணைத்துவிடுவது’ என்பதுதான் கவனிக்க வேண்டிய வார்த்தை. இதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. கூட்டத்தில் யாராவது ‘மாத்திரையெல்லாம் வேண்டாம்’ என்று சொன்னால், அது அவருடைய சொந்தக் கருத்து. டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

நம் நாட்டில் பிரச்சினை, சிகிச்சை வேலை செய்யாதது அல்ல, மக்கள் அங்கே போய்ச் சேராதது. 2019-ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்.

நம் டெல்டாவிலேயே ஒரு முன்னுதாரணம்

கிராமத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் குடவாசல் பக்கம் மஞ்சக்குடியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது திருவாரூர் மாவட்டம், அன்றைக்கு ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டம்.

குடிநோயால் கணவர் டி.டி.ரங்கநாதனை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதுதான் இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை. சென்னைக்கு வந்து வாரக்கணக்கில் தங்க முடியாத விவசாயக் கூலிகளுக்கு என்ன வழி என்று யோசித்தபோது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவதற்குப் பதில் ஆஸ்பத்திரியையே கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். மஞ்சக்குடியில் முகாம் போட்டார்கள். உள்ளூர் அமைப்பு இடமும் ஆதரவும் கொடுத்தது. உடல் சிகிச்சை, ஆலோசனை, குடும்பத்தினருக்கு வகுப்பு, முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்ப்பது என்று திட்டமிட்டார்கள். அந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994-ல் ‘அடிக்‌ஷன்’ என்ற சர்வதேச ஆய்விதழில் எழுதினார். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மஞ்சக்குடி காட்டியது இதுதான்: ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து சிகிச்சை எடுத்தால், வெளியே வந்ததும் அவர்கள் தனி ஆள் இல்லை. வயலிலும் டீக்கடையிலும் தன் நிலைமை தெரிந்த ஒருவரை எதிரே பார்க்க முடியும். ஏ.ஏ. கூட்டம் செய்வதும் அதே வேலையைத்தான்.

பக்கத்தில் கூட்டமே இல்லையென்றால்?

வாரம் ஒருநாள் பஸ் பிடித்துப் போங்கள். திரும்பி வரக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து, முடியும் நேரத்துக்கு ஏற்பத் திட்டமிடுங்கள். மற்ற நாட்களில் ஆன்லைன் கூட்டம். கொரோனா காலத்துக்குப் பிறகு ஜூம் வழியாகக் கூட்டங்கள் நிறைய நடக்கின்றன. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கும், கப்பலில் இருப்பவர்களுக்கும் இதுதான் வழி. வீட்டில் தனி அறை இல்லாவிட்டால், இயர்போனோடு கடற்கரைக்கோ வயல் வரப்புக்கோ போய் உட்கார்ந்து கேட்கலாம்.

கொஞ்ச காலம் குடிக்காமல் இருந்த பிறகு, ஊரிலேயே ஒரு குழுவைத் தொடங்கவும் முடியும். நிறுத்த விரும்பும் இரண்டு பேர், ஓர் இடம், ஒரு நாள், ஒரு நேரம். இவ்வளவுதான் தேவை. ஏ.ஏ.வே இரண்டு பேரில்தான் ஆரம்பித்தது. பக்கத்து ஊரில் நடக்கும் குழுவிடம் சொன்னால், முதல் சில வாரங்களுக்கு அனுபவசாலிகள் வந்து உட்கார்ந்து உதவுவார்கள். தமிழில் அச்சிட்ட கையேடுகளும் கிடைக்கும்.

மறுபடி குடித்துவிட்டால்?

நிறைய பேருக்கு நடக்கிறது. அது சிகிச்சை தோற்றுப்போனதற்கு அடையாளம் இல்லை, எங்கே ஓட்டை இருக்கிறது என்பதற்கு அடையாளம். அடுத்த கூட்டத்துக்கு வெட்கப்படாமல் போங்கள். யாரும் துரத்த மாட்டார்கள். தொடர்ந்து சில நாள் நிறையக் குடித்திருந்தால், நிறுத்துவதற்கு மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

நம் பகுதிக்கென்று சில ஆபத்தான நாட்கள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகுக்காரர்களுக்குக் கையில் வேலை இல்லாத காலம். அறுவடை முடிந்து மொத்தமாகப் பணம் கைக்கு வரும் வாரம். தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா, கருமாதி. காரைக்காலில் இருந்து நண்பர் ‘சும்மா ஒண்ணு’ வாங்கி வரும் சாயங்காலம். வெளியூரில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் வரும் நாளும், டீம் பார்ட்டியும். இந்த நாட்களைக் காலண்டரில் முன்பே குறித்து வைத்து, அந்த வாரத்தில் கூடுதலாக ஒரு கூட்டத்துக்குப் போங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கில் எது இருந்தாலும் குடிக்கும் ஆசை கிளம்பும் என்று ஏ.ஏ.வில் சொல்வார்கள். முதலில் சாப்பிடுங்கள். பிறகு போனை எடுங்கள்.

‘இனி வாழ்க்கை முழுக்கக் குடிக்கவே மாட்டேன்’ என்று சத்தியம் செய்யச் சொல்வதில்லை என்பது ஏ.ஏ.வில் பலருக்கும் பிடித்த விஷயம். இன்று ஒரு நாள் மட்டும். அதுவும் கஷ்டமாக இருந்தால், அடுத்த ஒரு மணி நேரம் மட்டும்.

இதைப் படித்துவிட்டு என்ன செய்வது என்று யோசித்தால், இன்றைக்கு ஒரே ஒரு வேலை: 14446-க்கு ஒரு போன். பேசுபவரிடம் உங்கள் ஊரைச் சொல்லுங்கள். ‘கூட்டத்துக்கு என்னோடு வர ஒரு ஆள் வேணும்’ என்று கேளுங்கள்.